‘நான் யார்’ என்பது வேறு, ‘யார்மேல் ஈர்ப்பு’ என்பது வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயர்நிலைப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். சில மாதங்களுக்கு முன்பு, சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் எங்கள் புளோக்கில் வசிக்கும் ஒரு தாயும் அவருடைய மகனும் இரவு எட்டு மணியளவில் என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மகன் தேசிய சேவையை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருப்பவர். தாய் திருமணமாகித் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இங்கு வந்தவர். கடைக்குப் போனால் பேசும் அளவுக்கு மலாயும் ஆங்கிலமும் அறிந்திருந்தாலும், மனத்திலிருப்பதைச் சொல்ல அவருக்குத் தமிழ் ஒன்றுதான் மொழி. இரண்டு நாள்களுக்கு முன்பு மகன் அவரிடம், “அம்மா, நான் கே” என்று, அதாவது ஆண்களை நேசிக்கும் ஆண் என்று, சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து தாய் சரியாகச் சாப்பிடவில்லை.

“டீச்சர், இவன் பொம்பளையா மாறப் போறானாம். நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க” என்று அவர் அழுதார். “நான் அப்படிச் சொல்லவே இல்லம்மா” என்று மகன் பதறினார். அதற்குமேல் தமிழில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நானும் தடுமாறினேன். பல ஆண்டுகளாக நான் செய்திகளில் படித்துப் பழகிய ‘ஓரினச்சேர்க்கை’ என்ற சொல்தான் என் நாவின் நுனிக்கு வந்தது. ஒரு தாயின் முன்னால், அவர் பெற்ற பிள்ளையைச் சுட்டி அந்தச் சொல்லை என்னால் உச்சரிக்க முடியவில்லை. தமிழே தொழிலாக வாழ்ந்த எனக்கு ஏற்பட்ட அந்த மௌனம் பல நாள்கள் என்னை உறுத்தியதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அச்சொல்லை ஏன் சொல்ல முடியவில்லை என்று பிறகு யோசித்தேன். ‘சேர்க்கை’ என்பது ஒரு செயல். ஆணும் பெண்ணும் காதலித்து மணப்பதைப் பற்றி எழுதும்போது நாம் படுக்கையறையைக் குறிக்கும் சொல்லால் அவர்களுக்குப் பெயர் சூட்டுவதில்லை. ஆனால் ஓர் ஆண் இன்னோர் ஆணை நேசித்தால், ஒரு பெண் இன்னொரு பெண்ணை நேசித்தால், அவர்கள் எந்த உறவிலும் இல்லாத தனியர்களாகவே இருந்தாலும்கூட, ‘சேர்க்கையாளர்’ என்று அழைக்கிறோம். பதினான்கு வயதில் தன் மனத்தின் போக்கை முதன்முதலாக உணர்ந்து குழம்பி நிற்கும் ஒரு பிள்ளைக்கு, தன்னைப் பற்றித் தமிழில் கிடைக்கும் முதல் சொல்லே அதுவாக இருப்பது எவ்வளவு பெரிய சுமை!

சிங்கப்பூரில் இச்சொல்லுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழகத்தில் ‘இனம்’ என்றால் வகை, குலம், உயிரினம் என்று பல பொருள் தோன்றும். இங்கே பிள்ளைகள் ‘இனம்’ என்ற சொல்லைக் கற்பதே இன நல்லிணக்க நாளில்தான். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்ற பகுப்பே அவர்கள் மனத்தில் நிற்கிறது. நான் பணியில் இருந்தபோது, செய்தித்தாள் வாசிக்கும் பாடவேளையில் ஒரு மாணவி, “டீச்சர், ஓரினம் என்றால் சீனரும் சீனரும் சேர்வதா?” என்று உண்மையாகவே கேட்டாள். அன்று வகுப்பு சிரித்தது. நான் அடுத்த செய்திக்குத் தாவிவிட்டேன். அவளுடைய கேள்வியில் தவறே இல்லை என்பதும், தவறு அச்சொல்லில் இருக்கிறது என்பதும் இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிகின்றன. அந்த வகுப்பில் விடைக்காகக் காத்திருந்த வேறொரு பிள்ளை இருந்திருக்கக்கூடும் என்ற எண்ணம் என்னை வருத்துகிறது.

இச்சொல் இங்கு வேரூன்றியதற்குச் சட்டமும் ஒரு காரணமாக இருக்கலாம். 1938ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஆட்சியில் தண்டனைச் சட்டத்தொகுப்பில் சேர்க்கப்பட்ட 377ஏ பிரிவு, ஆண்களுக்கு இடையிலான பாலியல் செயல்களை மட்டுமே குற்றமாக்கி, இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க வழிவகுத்தது. பெண்களைப் பற்றி அது பேசவில்லை. மனத்தின் ஈர்ப்பைப் பற்றியும் பேசவில்லை. செயலைத் தண்டித்த சட்டத்தைப் பற்றி எழுதும்போது செயலைக் குறிக்கும் சொல் பொருந்தியிருக்கலாம். ஆனால் அதே சொல்லை மனிதர்களுக்கும் பெயராக வைத்துவிட்டோம். 2022 ஆகஸ்ட் மாதம் தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் திரு லீ சியன் லூங் அப்பிரிவை நீக்கப்போவதாக அறிவித்தார். அவ்வாண்டு நவம்பர் 29ஆம் தேதி நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் அளித்தது. 2023 ஜனவரியில் அப்பிரிவு சட்டப் புத்தகத்திலிருந்தே மறைந்தது. சட்டம் போய்விட்ட பிறகும் அதற்குத் துணையாக வந்த சொல் நம்மிடம் தங்கிவிட்டது.

அதற்கு மாற்றாக ‘தன்பாலீர்ப்பு’ என்ற நல்ல சொல் தமிழில் ஏற்கெனவே புழங்குகிறது. ‘பால்’ நம் இலக்கணத்துக்கு மிகப் பழைய சொல். ஆண்பால், பெண்பால் என்று தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ‘ஈர்ப்பு’ என்பது காந்தம் இரும்பை இழுப்பதுபோலத் தானாக நிகழ்வது. தன்பால்மேல் ஈர்ப்புக் கொண்டவர் தன்பாலீர்ப்பாளர். எதிர்பால்மேல் ஈர்ப்புக் கொண்டவர் எதிர்பாலீர்ப்பாளர். இருபாலார்மீதும் ஈர்ப்புக் கொள்ளக்கூடியவர் இருபாலீர்ப்பாளர். யார்மீதும் உடல்சார்ந்த ஈர்ப்பு எழாத மனிதர்களும் இருக்கிறார்கள். அவர்களது இயல்பைப் பாலீர்ப்பின்மை என்று சொல்லலாம். இவை அனைத்துக்கும் பொதுவான சொல் ‘பாலீர்ப்பு’. இந்த வரிசையில் பெரும்பான்மையினருக்கும் ஒரு பெயர் கிடைப்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். நம்மில் பலர் எதிர்பாலீர்ப்பாளர்கள் என்று சொல்லும்போதுதான், ஈர்ப்பு என்பது சிலருக்கு மட்டும் வந்த விசித்திரம் இல்லை, எல்லாருக்கும் உள்ள இயல்பு என்பது விளங்கும்.

‘பாலியல் விருப்பம்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். விருப்பம் என்றால் தேநீரா காப்பியா என்று தேர்ந்தெடுப்பதைப் போன்ற பொருள் வந்துவிடுகிறது. ‘நாட்டம்’ அதைவிடப் பரவாயில்லை. ஆனாலும் ‘ஈர்ப்பு’ அளவுக்குத் துல்லியமான சொல்லாக எனக்கு அது படவில்லை.

அன்றிரவு அந்தத் தாயின் பெரிய குழப்பம் இதைவிட அடிப்படையானது. தன் மகன் ஆண்களை நேசிக்கிறார் என்றால் அவர் பெண்ணாகத்தானே இருக்க வேண்டும் என்று அவர் எண்ணிவிட்டார். நம் சமூகத்தில் மிகப் பரவலாக உள்ள எண்ணம் இது. படித்தவர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் தம்மை ஆணாக உணர்கிறாரா, பெண்ணாக உணர்கிறாரா, இரண்டிலும் அடங்காதவராக உணர்கிறாரா என்பது பாலின அடையாளம். அது ‘நான் யார்’ என்ற கேள்விக்கான விடை. அவர் யாரை நேசிக்கிறார் என்பது பாலீர்ப்பு. அது வேறொரு கேள்விக்கான விடை. அந்த இளைஞருக்கு முதல் கேள்வியில் எந்தக் குழப்பமும் இல்லை. அவர் ஆண், ஆணாகவே வாழ்கிறார், ஆணாகவே வாழ விரும்புகிறார். அதேபோல, ஒரு திருநங்கை ஆணை நேசிக்கலாம், பெண்ணை நேசிக்கலாம், யாரையும் நேசிக்காமலும் இருக்கலாம். அவர் பெண் என்பது அதனால் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

இவ்விரண்டும் வெவ்வேறு என்பதற்கு நம் நாட்டின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1971 ஜூலையில், தேக்காவுக்கு அருகிலிருந்த அன்றைய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில், சிங்கப்பூரின் முதல் பாலின மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அதைச் செய்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கையில் பிறந்த தமிழரான பேராசிரியர் எஸ். எஸ். ரத்னம். பின்னாளில் சோதனைக்குழாய்க் குழந்தைக்காகப் புகழ்பெற்ற அதே மருத்துவர்தான் இவர் என்பதை நம் இளையர்கள் பலர் அறியமாட்டார்கள். அத்தகைய சிகிச்சை பெற்றவர்கள் தங்கள் அடையாள அட்டையில் பாலினத்தை மாற்றிக்கொள்ளவும் வழி பிறந்தது. 1996இல் திருமணங்களை நெறிப்படுத்தும் மாதர் சாசனம் என்ற சட்டம் திருத்தப்பட்டு, அவர்கள் தங்கள் புதிய பாலினத்தின்படி எதிர்பாலினத்தவரை மணப்பது சட்டப்படி செல்லும் என்று ஆயிற்று. அதாவது, திருநங்கை ஒருவர் ஓர் ஆணைச் சட்டப்படி மணக்க முடிந்த பிறகும், இரண்டு ஆண்களின் உறவைக் குற்றமாக்கிய 377ஏ இருபத்தாறு ஆண்டுகள் நீடித்தது. சட்டமே இவ்விரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கும்போது, நம் பேச்சில் மட்டும் ஏன் ஒரே கூடையில் போடுகிறோம்?

‘திருநங்கை’ என்ற சொல்லின் கதை, சொற்கள் மாறக்கூடியவை என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. என் இளமையில் ‘அலி’ என்ற சொல்தான் கேட்டது. பின்னர், தமிழகத்தின் கூவாகம் என்ற ஊரில் சித்திரைத் திருவிழாவில் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுக்கும் வழக்கத்தையொட்டி ‘அரவாணி’ பரவியது. கூத்தாண்டவராக வணங்கப்படுபவர் மகாபாரதத்து அரவான். களப்பலியாகப் போகும் அந்த அரவானுக்கு ஒருநாள் மனைவியாகி மறுநாளே கைம்பெண்ணாகும் கதை அச்சொல்லில் ஒட்டியிருந்தது. அது பலருக்கு நம்பிக்கை சார்ந்த பெருமை என்பதை மதிக்கிறேன். ஆயினும் அந்தச் சடங்கோடு தொடர்பே இல்லாதவருக்கும் அதுவே பெயரானது பொருந்தவில்லை. கலைஞர் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்த காலத்தில் ‘திருநங்கை’ அரசு வழக்கில் நிலைபெற்றது. 2008 ஏப்ரலில் தமிழக அரசு அவர்களுக்கென நலவாரியமும் அமைத்தது. பிறப்பில் ஆண் என்று பதியப்பட்டுப் பெண்ணாக வாழ்பவர் திருநங்கை. பிறப்பில் பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழ்பவர் திருநம்பி. இந்த இரண்டையும் தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் பலர். நங்கை என்றால் பெண், நம்பி என்றால் ஆண். அவர் இன்று யாரோ அதுவே பெயரில் இருக்கிறது என்று நினைவில் வைத்தால் குழப்பம் வராது. இருவருக்கும் பொதுவாகத் ‘திருநர்’ என்று சொல்லலாம்.

‘மூன்றாம் பாலினம்’ என்ற சொல்லை நான் தவிர்த்து வருகிறேன். முதலாவது யார், இரண்டாவது யார் என்ற கேள்வியை அது எழுப்புகிறது. தம்மைப் பெண் என்றே உணரும் திருநங்கையைப் பெண்களின் வரிசையிலிருந்து வெளியேற்றியும் விடுகிறது. தம்மை ஆண், பெண் என்ற இரண்டு பெட்டிகளிலும் அடங்காதவராக உணர்பவர்கள் தனியே இருக்கிறார்கள். அவர்களுக்கு ‘இருமை சாராதவர்’ என்ற சொல் தெளிவாக இருக்கிறது.

ஊடுபால் என்ற சொல்லைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதையும் திருநரோடு சேர்த்துக் குழப்புவது வழக்கமாகிவிட்டது. ஊடுபால் என்பது உடலமைப்பைப் பற்றியது. குரோமோசோம்கள், சுரப்பிநீர், உறுப்புகள் ஆகியவை ஆண் உடல், பெண் உடல் என்று நாம் வகுத்த இலக்கணத்துக்குள் முழுவதுமாக அடங்காமல் பிறப்பவர்களை அது குறிக்கிறது. சிலருக்கு இது பிறந்தவுடன் தெரியும். சிலருக்குப் பருவ வயதில் மாதவிடாய் வராதபோது மருத்துவரிடம் போன பிறகே தெரியவரும். புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து வந்து, 2006ஆம் ஆண்டு தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற சாந்தி சௌந்தரராஜனிடமிருந்து, பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கம் பறிக்கப்பட்டதை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். பெண்ணாகப் பிறந்து பெண்ணாகவே வளர்ந்த ஒருவரின் உடலைப் பற்றி உலகமே பேசியபோது, அதைக் கண்ணியத்தோடு பேசுவதற்கு நம்மிடம் பரவலாக அறியப்பட்ட ஒரு சொல்கூட இருக்கவில்லை. 2019இல் சென்னை உயர்நீதிமன்றம், ஊடுபால் குழந்தைகளுக்கு அவசியமின்றிச் செய்யப்படும் பாலின அறுவை சிகிச்சைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தமிழக அரசும் அவ்வாண்டே அவற்றைத் தடைசெய்தது. உயிருக்கு ஆபத்தில்லாத நிலையில், பேசத் தெரியாத குழந்தையின் உடலைப் பெற்றோரின் அச்சத்துக்காக வெட்டித் திருத்தக்கூடாது என்ற அந்தத் தெளிவை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன்.

இனி, இலக்கண ஆசிரியை என்ற முறையில் எனக்கு மிகவும் நெருக்கமான ஒன்று. ஆங்கிலத்தில் ஒருவரை ஆண், பெண் என்று பிரிக்காமல் குறிப்பதற்குப் பன்மைச் சொல்லை ஒருமைக்குப் பயன்படுத்தலாமா என்று பல ஆண்டுகளாக விவாதிக்கிறார்கள். நமக்கு அந்தச் சிரமமே இல்லை. ‘அவர் வந்தார்’ என்றால் வந்தவர் ஆணா பெண்ணா என்று சொல்ல வேண்டியதில்லை. ஒருவரை உயர்வு கருதிப் பன்மையால் சொல்லும் வழக்கத்தைத் தொல்காப்பியமே எடுத்துரைக்கிறது. ஒருவரை எப்படிக் குறிப்பது என்று தெரியாதபோது, அவரிடம் கேட்டறியும் வரை, ‘அவர்’ என்பதே நமக்குக் கைகொடுக்கும். இத்தனை அழகான வசதியைக் கொண்ட மொழியில்தான், தேக்காவில் என் கண்ணெதிரே ஒரு திருநங்கையைச் சுட்டி, “அது எங்க போகுது பாரு” என்று ஒருவர் சொல்லக் கேட்டேன். மனிதரை உயர்திணை என்பது நம் இலக்கணத்தின் முதல் படி. ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயரையும் தொல்காப்பியர் உயர்திணையில் வைத்தே பேசினார். அவரை அஃறிணைக்குத் தள்ளுவது பண்புப் பிழை மட்டுமன்று, இலக்கணப் பிழையும்கூட.

ஏச்சுச் சொற்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘ஒன்பது’ என்பது தமிழகத்திலிருந்து வந்தது. ‘பொண்டான்’ என்பது மலாயிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது. மென்மையாகப் பேசும் பையனையும், பந்து விளையாட வராத பையனையும் பள்ளித் திடலில் இச்சொற்களால் அழைப்பதை நான் ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். சில முறைதான் கண்டித்திருக்கிறேன். நடை உடை பாவனை என்பது பாலின வெளிப்பாடு. அதை வைத்து ஒருவரது அடையாளத்தையோ ஈர்ப்பையோ யாராலும் கணிக்க முடியாது.

‘நோய்’, ‘குறைபாடு’ ஆகிய சொற்களையும் கைவிட வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 1990 மே 17ஆம் தேதியே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. திருநர் நிலையையும் மனநோய்ப் பிரிவிலிருந்து அகற்றிய அதன் புதிய வகைப்பாடு 2022இல் நடைமுறைக்கு வந்தது. மகனை எந்த மருத்துவரிடம் காட்டுவது என்று அந்தத் தாய் கேட்டபோது, குணப்படுத்த இதில் எதுவும் இல்லை என்று நான் உறுதியாகச் சொல்ல முடிந்தது இதனால்தான்.

சமய நம்பிக்கையின் அடிப்படையில் இவ்விஷயத்தில் மாறுபட்ட கருத்துக் கொண்ட வாசகர்கள் இருப்பார்கள். திருமணம் என்பதற்கான இன்றைய விளக்கத்தை நீதிமன்றத்தில் எதிர்க்க இயலாதவாறு, 377ஏ நீக்கப்பட்ட அதே நேரத்தில் அரசமைப்புச் சட்டமும் திருத்தப்பட்டது. அந்த விவாதத்துக்குள் இக்கடிதம் நுழையவில்லை. எக்கருத்தைக் கொண்டிருந்தாலும், யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவரைச் சரியான பெயரால் சொல்ல வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

இதைக் கற்றுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2021இல், ஒருவரையொருவர் நேசித்த இரண்டு இளம்பெண்கள் பெற்றோரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கை விசாரித்த சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இதுபற்றிப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகே தீர்ப்பு எழுதினார். அவ்வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழக அரசு 2022இல் ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. இச்சமூகத்தார் அனைவரையும் பொதுவாகக் குறிக்கும் ‘பால்புதுமையர்’ அதில் இடம்பெற்ற ஒரு சொல். உயர்நீதிமன்ற நீதிபதியே மாணவராக அமர்ந்திருக்கும்போது, ஓய்வுபெற்ற ஆசிரியை அமர்வதற்கு என்ன தயக்கம்?

அன்றிரவு, பத்தரை மணிக்கு மேலாகிவிட்டது. தாளில் இரண்டு வட்டங்கள் வரைந்து, ஒன்றில் ‘நான் யார்’ என்றும் மற்றொன்றில் ‘யார்மேல் ஈர்ப்பு’ என்றும் எழுதிக்காட்டினேன். தாய் நெடுநேரம் அதைப் பார்த்தார். பிறகு, “அப்ப இவன் இவனேதானே, டீச்சர்?” என்று கேட்டார். “ஆமாம்மா, நான் நானேதான்” என்று மகன் பதில் சொன்னார். மற்றவை அவர்கள் இருவரும் இன்னும் பேசித் தீர்க்க வேண்டியவை. தாயின் வருத்தம் அன்றோடு நீங்கிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன்.

தங்கள் நாளிதழிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. ‘ஓரினச்சேர்க்கையாளர்’ என்பதற்குப் பதிலாகத் ‘தன்பாலீர்ப்பாளர்’ என்று எழுதும் வழக்கத்தைத் தங்கள் ஆசிரியர் குழு கைக்கொள்ள வேண்டும். மாணவர்களுக்கான பக்கத்தில், இங்குள்ள சமூகத்தாரையே கலந்துபேசி, எளிய விளக்கங்களோடு ஒரு சொல்விளக்கப் பகுதியை வெளியிட வேண்டும். அதை உரக்கப் படித்தால் ஒரு தாய்க்கும் மகனுக்கும் புரியும்படி இருக்க வேண்டும். அதற்கு மெய்ப்புப் பார்க்க ஆள் தேவையென்றால், நான் வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
ஈசூன்